மூளையைப் படிக்கும் படிப்பு



பிளஸ் ஒன் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்த மாணவியிடம், "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று பெரும்பாலோர் சொல்வார்கள். "இடம் கிடைக்காவிட்டால்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் முகம் வாடிவிடும். பெற்றோர் முகமோ அதைவிட வாடும். உயிரியல் படித்தால் ஒரே கதவுதான் உண்டு, அது மூடிவிட்டால் வாழ்வே முடிந்தது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் சரியல்ல என்பதற்கு நரம்பறிவியல் என்னும் ஒரே ஒரு துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையின் பெருமையை மட்டும் சொல்லாமல், அதில் உள்ள சிரமத்தையும் சொல்லப் போகிறேன். இரண்டையும் அறிந்து தேர்ந்தெடுப்பவளே பின்னால் வருந்தாமல் இருப்பாள்.

நரம்பறிவியல் என்பது யாது?

நியூரோ சயின்ஸ் என்று வழங்கப்படும் நரம்பறிவியல், மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவை எவ்வாறு அமைந்துள்ளன, எவ்வாறு வேலை செய்கின்றன, ஏன் பழுதடைகின்றன என்று ஆராயும் கல்வி. நரம்பியல் மருத்துவம் வேறு, நரம்பறிவியல் வேறு. முன்னது நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது. மருத்துவப் பட்டம் பெற்றவரே அதைச் செய்யலாம். பின்னது மூளையைப் பற்றிய எல்லாக் கேள்விகளையும் கேட்பது. அதைச் செய்ய உயிரியலார், வேதியியலார், கணித வல்லுநர், உளவியலார், பொறியாளர் என்று எல்லாரும் தேவைப்படுகின்றனர்.

நம் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் எத்தனை நரம்பணுக்கள் உள்ளன? பல்லாண்டுகளாகப் பாடநூல்களில் "பத்தாயிரம் கோடி" என்றே எழுதி வந்தார்கள். அதை எண்ணிப் பார்த்தது யார் என்று கேட்டார் பிரேசில் நாட்டுப் பெண் விஞ்ஞானி சுசானா எர்க்குலானோ ஊசெல். அவர் மூளைத் திசுவை ஒரே சீரான கரைசலாக்கி, அதில் மிதக்கும் அணுக்கருக்களை எண்ணும் முறையைக் கண்டார். நம் சமையலறையில் பருப்பைக் கடைந்து ஒரு கரண்டி எடுத்துப் பதம் பார்ப்பது போன்ற எளிய யோசனைதான். 2009-ல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட விடை: ஏறத்தாழ 8,600 கோடி. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் எண்ணைப் பார்த்து, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டதுதான் அவர் செய்த முதல் வேலை. இக்கேள்வியே நரம்பறிவியலின் உயிர்நாடி என்றால் மிகையாகாது.

இது யாருக்குத் தேவை?

நம் தெருவில் ஒருவர் திடீரென்று வலிப்பு வந்து விழுந்தால் என்ன செய்கிறார்கள்? கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். பல்லுக்கிடையே கரண்டியைச் செருகுகிறார்கள். அந்த நோய் ஒரு பெண்ணுக்கு இருந்துவிட்டால், திருமணப் பேச்சில் அதை மறைக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் பிறருக்குத் தெரிந்துவிடுமே என்று மருந்தையே நிறுத்திவிடுவதும் உண்டு. நிறுத்தியதும் வலிப்பு மீண்டும் வருகிறது.

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் பல, ஒரே சமயத்தில் கட்டுமீறி மின்துடிப்பை வெளியிடுவதால் வருவது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்துடிப்பைத் தலைக்கு வெளியிலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தார்; 1929-ல் அதனை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. சோதனை அதன் வழி வந்ததே. சரியாக நோயறிந்து சிகிச்சை பெற்றால் வலிப்பு நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரும்பினால் இதில் ஒரு பயனும் இல்லை. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தைச் சுற்றியுள்ள ஆடையைத் தளர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அருகில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதை இன்றே உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

வலிப்பு மட்டுமா? பக்கவாதம், மறதி நோய், பார்க்கின்சன் நோய், ஆட்டிசம், மனச்சோர்வு என்று எத்தனையோ துன்பங்களுக்கு இன்னும் முழு விடை இல்லை. அந்த விடைகளைத் தேட ஆட்கள் வேண்டும்.

பட்டப்படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

இது இளமையான துறை. அமெரிக்காவில் இத்துறையினருக்கான சங்கம் 1969-ல்தான் தோன்றியது. இளநிலைப் பட்டத்திலேயே இதைத் தனிப் பாடமாக வைத்த முன்னோடிக் கல்லூரிகளுள் ஒன்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, ஆண்டு 1973. இன்று அந்நாட்டில் ஏராளமான கல்லூரிகளில் இப்பாடம் உண்டு. அங்கே பட்டப்படிப்பு நான்காண்டுகள். சேரும்போதே பாடத்தை முடிவு செய்யவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை; இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும்.

முதல் இரண்டு ஆண்டுகள் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், உளவியல் ஆகியவற்றிலேயே கழியும். அதன் பிறகே நரம்பணுவின் அமைப்பு, புலன்கள், நினைவு, உணர்ச்சி, மூளை நோய்கள் முதலியவை வரும். ஆய்வகத்தில் ஆட்டு மூளையை அறுத்துப் பார்ப்பார்கள். நரம்பின் மின்துடிப்பைக் கருவியில் பதிவு செய்வார்கள். புள்ளியியலும் கணினி நிரல் எழுதுவதும் தவிர்க்க முடியாதவை. கடைசி ஆண்டில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்து, சிறு ஆய்வொன்றைச் செய்து கட்டுரை எழுதுவோரும் உண்டு.

இங்கே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் ஓர் இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது வழக்கம். ஆகையால் மருத்துவராக விரும்பும் பலர் அங்கே நரம்பறிவியலைப் படிக்கிறார்கள். நம் நாட்டில் முறை வேறு. பிளஸ் டூ முடித்து நீட் தேர்வு எழுதியே எம்.பி.பி.எஸ். சேர முடியும். நரம்பறிவியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிவிட்டால் அது மருத்துவப் படிப்புக்குக் குறுக்கு வழியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் கட்டும் முன்னர் இதை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள்.

நம் நாட்டில் வழி எது?

நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இப்பெயரில் இளநிலைப் பட்டம் இல்லை. அதனால் கவலை வேண்டாம். விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், உளவியல், இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் ஆகிய எதில் பட்டம் பெற்றும் இத்துறைக்குள் நுழைந்தவர்கள் இருக்கிறார்கள். அருகிலுள்ள நல்ல கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் இத்துறைக்குத் தகுதியற்றவள் அல்லள்.

அறிவியல் ஆராய்ச்சியில் நேரடியாக இறங்க விரும்புவோருக்கு ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் உள்ளன. நமக்கு அருகில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கின்றன. ஐந்தாண்டுகளில் இளநிலை, முதுநிலை இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். அதற்கான நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் கேள்விகள் வரும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டப்படிப்பு உண்டு. அதில் சேரப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் இணைந்த நான்காண்டுப் படிப்பு 2023-ல் தொடங்கியது. அதே ஐ.ஐ.டி.யில் 2022-ல் தொடங்கிய மூளை ஆராய்ச்சி மையம், கருநிலை மூளையின் நுண்ணிய முப்பரிமாணப் படங்களை 5,132 வெட்டுப் படலங்களிலிருந்து உருவாக்கி, 2024 டிசம்பரில் வெளியிட்டது. அதற்குத் தரணி என்று பெயர்.

பத்தாம் வகுப்பு மாணவியரே, மேலே சொன்னவற்றில் கணிதம் எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். "எனக்குக் கணக்கு வராது, ஆகவே கணிதம் இல்லாத உயிரியல் பிரிவில் சேர்கிறேன்" என்று முடிவு செய்வோர் உண்டு. அப்பிரிவு தாழ்ந்ததன்று; மருத்துவம், செவிலியர் பணி, உளவியல், பேச்சுப் பயிற்சி ஆகியவற்றிற்கு அது போதும். ஆனால் கணிதத்தைக் கைவிடும் அன்றே சில கதவுகள் சாத்தப்படுகின்றன என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள். அச்சத்தினால் மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பட்டத்திற்குப் பின் மேற்படிப்புக்கு ஹரியானாவில் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2003-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனம் 1974-ல் உருவானது. அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தில் பொதுமக்களும் உண்மையான மனித மூளையைக் காணலாம். பெங்களூருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் பூங்காவையும் அரண்மனையையும் பார்ப்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாமே!

படித்த பின் என்ன வேலை?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்துறையில் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் கிடைக்கும் வேலைகள் குறைவு. ஆய்வக உதவியாளர், மருந்து நிறுவனங்களில் சோதனைத் தகவல் தொகுப்பாளர் போன்ற பணிகள் உண்டு. மேலே போக வேண்டுமானால் மேலும் படிக்க வேண்டும். வழிகள் பல.

முதலாவது, ஆராய்ச்சி. முனைவர் பட்டத்திற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகும். "அதுவரை யார் காப்பாற்றுவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளம் ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே தேர்வில் வென்றவள் பிறர் கையை எதிர்பார்க்காமல் படிக்கலாம்.

இரண்டாவது, மருத்துவம். எம்.பி.பி.எஸ்., அதன்மேல் முதுநிலை, அதன்மேல் நரம்பியல் சிறப்புப் பட்டம் என்று நீண்ட பாதை. நம் மண்ணுக்கு இதில் பெருமையுண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார் டாக்டர் ஜேக்கப் சாண்டி. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களுள் ஒருவர், சென்னையைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ். கனகா. 1968-ல் அவர் அத்துறையில் பட்டம் பெற்றார், 2018-ல் மறைந்தார்.

மூன்றாவது, மறுவாழ்வுப் பணிகள். பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்கு மீண்டும் பேசக் கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சியாளர், கைகால்களை மீட்டுத்தரும் இயன்முறை மருத்துவர், சிறப்புக் கல்வி ஆசிரியை, மருத்துவ உளவியலார், இ.இ.ஜி. எடுக்கும் தொழில்நுட்பர் ஆகியோர் இதில் அடங்குவர். மைசூரில் 1965-ல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. மேலே கூறிய ஆராய்ச்சிப் பாதையை விட இவற்றில் விரைவில் வேலைக்குச் செல்லலாம்.

நான்காவது, பொறியியலும் கணினியும். காது கேளாத குழந்தையின் செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டிக் கேட்கச் செய்யும் காக்ளியர் கருவி, நரம்பறிவியலும் மின்னணுவியலும் கைகோத்ததன் பயன். செயற்கை நுண்ணறிவின் அடிப்படையான செயற்கை நரம்பணு வலைகளும் மூளையைப் பார்த்துத் தோன்றிய யோசனையே. அத்துறைக்காக 2024-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், கேம்பிரிட்ஜில் பெற்ற முதல் பட்டம் உளவியலில்தான்!

நேர்க்கோட்டில் செல்லாதவர்கள்

இத்துறையில் புகழ் பெற்றோர் பலர் வளைந்த பாதையில் வந்தவர்கள். 1918-ல் பிறந்த பிரெண்டா மில்னர் கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கச் சேர்ந்து, பிறகு உளவியலுக்கு மாறினார். 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட ஒரு நோயாளி, புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாதவரானார். மில்னர் அவரைப் பொறுமையாகச் சோதித்தார். கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். முந்திய நாள் வரைந்ததே அந்நோயாளிக்கு நினைவில்லை. ஆனாலும் நாளுக்கு நாள் அவர் கை தேறியது! நினைவு ஒன்றல்ல, பலவகை என்று உலகம் அறிந்தது அவ்வாறுதான்.

இத்தாலியின் ரீட்டா லெவி மொந்தால்சினி 1909-ல் பிறந்தவர். உயர்கல்வி இல்லறக் கடமைக்கு இடையூறு என்று எண்ணிய தந்தையின் இசைவைக் கேட்டுப் பெற்று மருத்துவம் படித்தார். 1938-ல் வந்த இனவெறிச் சட்டங்கள் யூதரான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கி, கோழி முட்டைக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986-ல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். 2012-ல் தமது 103-ஆம் வயதில் காலமானார்.

கன்னியர் தந்த கொடை

நம் அருட்சகோதரியர் மகிழ்ந்து கேட்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியர், டேவிட் ஸ்னோடன் என்ற விஞ்ஞானி 1986-ல் தொடங்கிய மறதி நோய் ஆய்வுக்குத் தங்களை ஒப்படைத்தனர். ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்த பின் தங்கள் மூளையையும் ஆய்வுக்குத் தர இசைந்தனர். வாழ்நாள் முழுதும் ஒரே வகையான உணவும் உறைவிடமும் கொண்டவர்கள் ஆதலால், ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று.

அவர்களுள் பலர் வார்த்தைப்பாடு கொடுப்பதற்குமுன், சராசரியாக 22 வயதில், தம் வாழ்க்கையைப் பற்றி 200, 300 சொற்களில் ஒரு தாளில் எழுதிய கட்டுரைகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. விஞ்ஞானிகள் அவற்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று கணக்கிட்டனர். 1996-ல் முடிவு வெளிவந்தது. இளமையில் கருத்துச் செறிவோடு எழுதியவர்கள் முதுமையில் மறதி நோய்க்கு ஆளானது குறைவாகவே இருந்தது. மற்றொரு சகோதரி 101 வயது வரை தெளிந்த அறிவோடு இருந்தார். ஆனால் இறந்த பின் பார்த்தால், அவர் மூளையில் மறதி நோயின் அடையாளங்கள் நிறைய இருந்தன! அடையாளம் இருந்தும் நோய் தலைகாட்டவில்லை. ஏன்? இக்கேள்வி இன்னும் ஆராயப்படுகிறது.

"அப்படியானால் கட்டுரை எழுதினால் மறதி நோய் வராது" என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. நல்ல எழுத்து நோயைத் தடுத்ததா, அல்லது நோயைத் தாங்கவல்ல மூளையே நல்ல எழுத்தையும் தந்ததா? இரண்டும் சேர்ந்து காணப்பட்டதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இவ்வாறு நிதானித்து யோசிக்கத் தெரிந்தவளே இத்துறைக்கு ஏற்றவள்.

இன்றே செய்யத்தக்கவை

கணிதத்தை நாள்தோறும் கொஞ்சமாவது செய்யுங்கள். விலங்கியல் ஆய்வகத்தில் பார்த்ததைப் பார்த்தபடி வரையுங்கள். புத்தகத்தில் உள்ளதைப் பார்த்து வரையாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பொருளைப் பற்றித் தெளிவாக ஒரு பக்கம் எழுதப் பழகுங்கள்; கண்டறிந்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லத் தெரியாத விஞ்ஞானி பாதி விஞ்ஞானியே. வீட்டில் பாட்டிக்கு நினைவு தடுமாறினால் சிரிக்காமல் கவனியுங்கள். பழைய செய்தி நினைவிருக்க, காலையில் சாப்பிட்டது ஏன் மறந்தது என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகளுக்கு மருத்துவ இடம் கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிட்டால், அவள் தோற்றுவிட்டாள் என்று உறவினர் முன் சொல்லாதீர்கள். அவளிடம் ஒரு நல்ல கேள்வியும், அதை விடாமல் தொடரும் பொறுமையும் இருக்குமானால், அவளுக்கு இன்னும் பல கதவுகள் திறந்தே இருக்கின்றன. அவற்றுள் எதைத் தட்டுவது என்பதை அவளோடு அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.